நிலவின் நிழலும் நம் திதிக் கணக்கும்

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலவின் தென்பகுதியில் இறங்க முயன்று, கடைசிக் கட்டத்தில் தொடர்பை இழந்தது. பத்து நாள் கழித்து, 17ஆம் தேதி, நாசாவின் லூனார் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர் அந்தப் பகுதிக்கு மேலே பறந்து படம் எடுத்தது. 26ஆம் தேதி படம் பொதுப்பார்வைக்கு வந்தது. அதில் லேண்டரை அடையாளம் காண ஆராய்ச்சிக் குழுவால் முடியவில்லை. படம் எடுத்த நேரத்தில் அந்த இடத்தில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நிழல்கள் நீண்டு தரையின் பெரும்பகுதியை மூடியிருந்தன.

மதுரைக்காரரும் சென்னையில் வேலைபார்த்தவருமான பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், அதே இடத்தின் பழைய படத்தையும் இந்தப் புதிய படத்தையும் இரண்டு மடிக்கணினிகளில் அருகருகே வைத்து அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி புதிய படத்தில் இருந்தது. ஒரே ஒரு பிக்சல். அந்தப் படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் 1.3 மீட்டர். அவர் நாசாவுக்கு எழுதினார். அக்டோபர் 14, 15 தேதிகளிலும் நவம்பர் 11 அன்றும் ஆர்பிட்டர் மீண்டும் படம் எடுத்தது. நவம்பர் படத்தில் மோதிய தடமும் சிதறல்களும் துலங்கின. சுப்பிரமணியன் சுட்டிக்காட்டிய துண்டு, லேண்டர் மோதிய இடத்துக்கு வடமேற்கே சுமார் 750 மீட்டரில் கிடந்தது. டிசம்பர் தொடக்கத்தில் நாசா அவர் பெயரைச் சொல்லியே செய்தியை வெளியிட்டது. தங்கள் ஆர்பிட்டர் அந்த இடத்தை முன்பே கண்டுவிட்டது என்று இஸ்ரோ தலைவர் சிவன் கூறினார்; அதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

தமிழ்ப் பத்திரிகைகள் இதை ஒரு தனிமனிதரின் சாதனையாகக் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் நாசாவின் குறிப்பில் இருந்த இரண்டு எண்கள் அந்தக் கொண்டாட்டத்தில் கவனம் பெறவில்லை. செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்தால், செப்டம்பர் படத்தில் வெயில் விழுந்த கோணம் 84 டிகிரி. நவம்பர் படத்தில் 72 டிகிரி. அதாவது தொடுவானத்திலிருந்து சூரியனின் உயரம் முதலில் 6 டிகிரி, பிறகு 18 டிகிரி. சூரியன் 6 டிகிரியில் நின்றால் ஒரு மீட்டர் உயரமுள்ள பாறைக்கு ஒன்பதரை மீட்டர் நிழல் விழும். 18 டிகிரியில் அதே பாறையின் நிழல் மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும். லேண்டர் விழுந்த இடம் 70.9 டிகிரி தெற்கு அகலாங்கில் இருக்கிறது. அங்கே நண்பகலில்கூடச் சூரியன் 20 டிகிரிக்கு மேல் அதிகம் ஏறாது. ஆக, நவம்பர் 11 அன்று அடித்த வெயில் அந்த மண்ணுக்குக் கிட்டத்தட்ட உச்சிவெயில். அந்தப் படத்தின் நுணுக்கமும் பிக்சலுக்கு 0.7 மீட்டராகக் கூடியிருந்தது உண்மை. ஆனால் முதல் படத்தில் மோதிய இடம் பிடிபடாமல் போனதற்கு நாசா சொன்ன காரணம் ஒளி போதாமைதான்.

நிலவைப் பார்ப்பதில் கருவி முக்கியம். வேளை அதைவிட முக்கியம். விண்கலத்துக்கும் இதுதான் விதி, வீட்டு மொட்டைமாடியில் பைனாகுலரோடு நிற்பவருக்கும் இதுதான். மாடியில் நிற்பவருக்கு அந்த வேளையைச் சொல்லும் அட்டவணை வீட்டுக்குள்ளேயே, தினசரிக் காலண்டரின் தாளில் திதி என்ற பெயரில் அச்சாகி இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த அட்டவணையைப் பற்றியது.

முதலில் வெயில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர்கள் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சுக்குப் பேர்போனவை. வளவில் வெளிச்சம் நேராக விழும்போது சுவர் முழுவதும் பளிங்குபோல ஒரே வழவழப்பு. மாலையில் வெயில் சுவரை ஒட்டி உரசிக்கொண்டு வரும்போது அதே சுவரைப் பார்க்க வேண்டும். கொத்தனாரின் கரணை போன தடம், நாளாவட்டத்தில் விழுந்த மயிரிழை விரிசல், ஈரம் ஏறி உப்பிய இடம், பிற்பாடு ஒட்டுப்போட்ட சதுரம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே எழுந்து நிற்கும். அரை மணி நேரத்தில் வெயில் இறங்கிவிடும், சுவர் மறுபடி வழவழப்பாகிவிடும்.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். ஒரு தரையில் விழும் வெயிலின் அளவு, அந்தத் தரைக்கும் வெயிலுக்கும் உள்ள கோணத்தைப் பொறுத்தது. சூரியன் 60 டிகிரி உயரத்தில் இருக்கிறது என்போம். சூரியனை நோக்கி 2 டிகிரி சாய்ந்த நிலத்துக்கும், எதிர்ப்பக்கமாக 2 டிகிரி சாய்ந்த நிலத்துக்கும் கிடைக்கும் வெயிலில் வேறுபாடு நூற்றுக்கு நான்குதான். கண்ணுக்குத் தெரியாது. சூரியன் 5 டிகிரிக்கு இறங்கிவிட்டால், அதே இரண்டு நிலங்களில் ஒன்று மற்றொன்றைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பிரகாசமாக இருக்கும். நடந்துபோனால் கால் உணராத அளவுக்குச் சிறிய சாய்வுகூட, மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

நிலவில் காற்று இல்லை என்பது இதை இன்னும் கூர்மையாக்குகிறது. பூமியில் நிழலுக்குள்ளும் வானத்தின் வெளிச்சம் இறங்குகிறது. அதனால்தான் மரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் படிக்க முடிகிறது. நிலவின் வானம் பகலிலும் கறுப்பு. நிழலுக்குள் வருவது பக்கத்து மலைச்சரிவில் பட்டுத் தெறிக்கும் சிறிதளவு ஒளி மட்டும். எனவே அங்கே நிழல் என்றால் மை.

இப்போது பௌர்ணமிக்கு வருவோம். அன்று சூரியன் நமக்குப் பின்னாலிருந்து நிலவின் முகத்தில் நேராக அடிக்கிறது. ஒவ்வொரு பாறையின் நிழலும் அந்தப் பாறைக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. மலைகள் தட்டையாகிவிடுகின்றன, நூறு கிலோமீட்டர் அகலக் குழிகூட எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பாதி நிலவு, முழு நிலவின் பாதி வெளிச்சத்தைத் தருவதில்லை, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் தருகிறது என்பதற்கும் இந்த நிழல்கள் ஒரு முக்கியக் காரணம். அரைநிலவில் மலை முதல் மணல்துகள் வரை ஒவ்வொன்றும் பக்கத்தில் ஒரு கறுப்பு நிழலைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. பௌர்ணமியில் அத்தனை நிழலும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

பௌர்ணமி எதற்கும் ஆகாது என்று சொல்லிவிடக் கூடாது. உருவம் மறையும்போது நிறம் வெளிவருகிறது. டைகோ என்ற 85 கிலோமீட்டர் அகலக் குழியிலிருந்து நிலவின் முகம் முழுக்க ஓடும் வெண்கதிர்கள் பௌர்ணமியை ஒட்டித்தான் துலங்கும். அந்தக் கதிர்களுக்கு உயரம் கிடையாது. மோதலில் வாரி இறைக்கப்பட்ட புதிய, வெளிறிய மண் அவை. விக்ரம் மோதிக் கிளப்பிய மண்ணும் இதே வகையில்தான் நவம்பர் படத்தில் தெரிந்தது. சாய்வெயில் மேடு பள்ளத்தைச் சொல்கிறது, நேர்வெயில் மண்ணின் நிறத்தைச் சொல்கிறது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் எந்த வெயில் வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்.

நிழலைக் கொண்டு உயரத்தை அளக்கும் வேலையைத் தொடங்கிவைத்தவர் கலிலியோ. 1610இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. நிலவில் பகலையும் இரவையும் பிரிக்கும் எல்லைக்கோட்டுக்கு அப்பால், இருட்டுக்குள், சில ஒளிப்புள்ளிகள் தனியே மின்னுவதை அவர் கண்டார். அவை மலையுச்சிகள். அடிவாரத்துக்கு இன்னும் விடியவில்லை, உச்சிக்கு விடிந்துவிட்டது. எல்லைக்கோட்டிலிருந்து அப்படி ஒரு புள்ளி, நிலவின் விட்டத்தில் இருபதில் ஒரு பங்கு தூரம்வரை தள்ளி நிற்பதை மதிப்பிட்டார். நிலவின் விட்டத்தை 2000 மைல் என்று வைத்துக்கொண்டார். அப்படியானால் ஆரம் 1000, புள்ளியின் தூரம் 100. செங்கோண முக்கோணத்தின் பெரிய பக்கம் 1004க்கும் சற்று மேலே வரும். மலையின் உயரம் நான்கு மைலுக்கு மேல் என்று எழுதினார். பத்தாம் வகுப்புப் பிதாகரஸ் தேற்றம் போதும் இதற்கு. அவருடைய எண் சற்று அதிகம் என்று பிற்காலத்தவர் காட்டினார்கள், முறையில் பழுதில்லை. வில்ஹெல்ம் பேயரும் யோஹான் மெட்லரும் 1830களில் பெர்லினில் ஒரு சிறிய தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, நிழலின் நீளத்தை அளந்து அளந்து நூற்றுக்கணக்கான நிலவு மலைகளின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் அவர்கள் வரைந்த வரைபடத்தை மிஞ்ச ஆளில்லை.

எல்லைக்கோடு நிற்பதில்லை. நிலவின் நடுக்கோட்டில் அது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. அங்கே சூரியவட்டம் தொடுவானத்தைவிட்டு முழுதாக வெளிவரவே சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். எல்லைக்கோடு நகர்வது நம் கணக்கில் ஒரு நாளைக்கு 12 டிகிரிக்குச் சற்று மேல். இந்தப் பன்னிரண்டு, பஞ்சாங்கம் பார்த்தவர்களுக்குப் பழகிய எண்.

ஒரு திதி என்பது நிலவு சூரியனைவிட்டு 12 டிகிரி விலக எடுத்துக்கொள்ளும் காலம். முப்பது திதிக்கு 360 டிகிரி, ஒரு சுற்று. சூரியனிடமிருந்து நிலவு எத்தனை டிகிரி விலகுகிறதோ, ஏறத்தாழ அத்தனை டிகிரி எல்லைக்கோடும் நிலவின் முகத்தில் நகர்கிறது. ஆகவே திதிக்கு 12 டிகிரி என்ற கணக்கு நிலவின் நிலப்பரப்புக்கும் பொருந்துகிறது. நிலவு வரைபடத்தில் முகத்தின் நடுவே சுழியம். நமக்கு மாலையில் சூரியன் இருக்கும் பக்கத்து விளிம்பு 90 டிகிரி கிழக்கு. அமாவாசை முடியும்போது எல்லைக்கோடு அந்த விளிம்பில் இருக்கிறது. திதிக்குப் பன்னிரண்டாகக் கழித்துக்கொண்டே வந்தால், பஞ்சமி முடிவில் 30 டிகிரி கிழக்கு, சஷ்டி முடிவில் 18 டிகிரி கிழக்கு. அஷ்டமியின் நட்டநடுவில் சரியாகச் சுழியம், அதுதான் அரைநிலவு. நவமி முடிவில் 18 டிகிரி மேற்கு. இப்படியே மேற்கு விளிம்புவரை போகும்.

இதில் இரண்டு திருத்தம் தேவை. நிலவு நம்மை நோக்கி மிகச் சரியாக ஒரே முகத்தைக் காட்டுவதில்லை. இருபுறமும் 8 டிகிரிவரை மெல்ல ஆடுகிறது. அதனால் கணக்கு சில மாதங்களில் அரைத் திதிக்கு மேலும் முன்பின் ஆகலாம். அடுத்தது, வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் திதி முடியும் நேரத்தில் சில மணி நேரம் வேறுபடும். வானத்தைப் பார்ப்பதற்குத் திருக்கணிதமே சரி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால், தொலைநோக்கி வைத்திருப்பவர் எந்தச் செயலியையும் திறக்காமலே, இன்று நிலவில் எங்கே விடிகிறது என்று சொல்லிவிடலாம்.

செட்டிநாட்டுக்குப் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன். கார்த்திகை தீபத்திலிருந்து எண்ணி 21ஆம் நாளை ஒட்டி, சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் பொழுதில், நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. தீபம் பௌர்ணமியை ஒட்டி வருவது; அங்கிருந்து பதினைந்து நாள் தேய்பிறை, ஆறு நாள் வளர்பிறை, ஆக இருபத்தொன்று. காரைக்குடி, தேவகோட்டை என்று சொந்த ஊர்களிலும், சிங்கப்பூர், மலேசியா என்று பிழைக்கப்போன ஊர்களிலும் அன்று ஆச்சிமார்கள் மாவு பிசைந்து, இருபத்தொரு இழைத் திரியை அதில் வைத்துச் சுடரேற்றுவார்கள். வீட்டுப் பெரியவர் எடுத்துக்கொடுக்க ஒவ்வொருவராக இழை எடுத்துக்கொள்வார்கள். நாள் குறிப்பதே நிலவை வைத்துத்தான். அந்த மாலையில் காரைக்குடி வானத்தில் நிலவு எங்கே இருக்கும்? சதயம் கும்ப ராசியில். மார்கழிச் சூரியன் மறையும்போது நிலவு உச்சியிலிருந்து சற்றே தென்மேற்கில், தலைக்கு மேல் என்று சொல்லும் உயரத்தில் நிற்கும். இரவு 11 மணி வாக்கில்தான் மறையும். அத்தனை உயரத்தில் இருப்பதால் இடையில் உள்ள காற்றுப்படலம் குறைவு. உருவம் நடுங்காமல் நிற்கும். வடகிழக்குப் பருவமழையின் கடைசி மேகம் வழிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சஷ்டியில் எல்லைக்கோடு 30 டிகிரி கிழக்கிலிருந்து 18 டிகிரி கிழக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த இடைவெளிக்குள், நடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, தியோஃபிலஸ், சிரில்லஸ், கேதரினா என்று மூன்று பெரிய குழிகள் சங்கிலியாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 100 கிலோமீட்டர் அகலம்; காரைக்குடியிலிருந்து மதுரையைத் தாண்டிவிடும் தூரம். தியோஃபிலஸில் விடியும் நேரத்துக்கு அகப்பட்டால் கண்ணை எடுக்க மனம் வராது. முதலில் சூரியனுக்கு எதிர்ப்பக்கச் சுவரின் விளிம்பு மட்டும் வெள்ளை வில்லாக வளைந்து நிற்கும். உள்ளே தரை தெரியாது, மைக்கிண்ணம். பிறகு அந்த மைக்கு நடுவே ஓர் ஒளிப்புள்ளி பிறக்கும். குழியின் மையத்திலுள்ள மலையின் உச்சி அது. தரையிலிருந்து சுமார் 1.4 கிலோமீட்டர் உயரம். அரை மணி கழித்துப் பார்த்தால் புள்ளி பெருத்திருக்கும், பக்கத்தில் இன்னொன்று முளைத்திருக்கும். சூரியன் 5 டிகிரிக்கு ஏறும்போது அந்த மலையின் நிழல் 16 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழியின் தரையில் கிடக்கும். எதிர்ப்பக்கச் சுவரில் படிக்கட்டுபோல இறங்கும் சரிவுகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரும். சிரில்லஸின் சுவரைத் தியோஃபிலஸ் உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அந்த வெயிலில்தான் தெளிவாகத் தெரியும். உடைத்தது பிந்தியது, உடைபட்டது முந்தியது. நிலவின் வரலாற்றில் எது முதலில், எது பிறகு என்று விண்வெளி யுகத்துக்கு முன்பே அறிஞர்கள் அடுக்கத் தொடங்கியது இப்படிப்பட்ட காட்சிகளை வைத்துத்தான்.

இந்தக் குழிகளுக்குச் சற்றுத் தள்ளி ஆல்டாய் சரிவு என்ற நீண்ட வளைவு, நானூறு கிலோமீட்டருக்கும் மேல், வெள்ளை நரம்புபோல ஓடும். நெக்டாரிஸ் என்ற மாபெரும் மோதல் வட்டத்தின் வெளிவிளிம்பு அது. பௌர்ணமியன்று அதைக் கண்டுபிடித்துவிடுங்கள் பார்க்கலாம்.

மற்றத் திதிகளுக்கும் உரியவை உண்டு. அஷ்டமியின் நடுவில், மூன்று குழிகளின் விளிம்புகள் சேர்ந்து இருட்டுக்குள் எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தைப்போலச் சில மணி நேரம் மட்டும் ஒளிரும். நவமிக்குக் கிளேவியஸ், பிளேட்டோ என்ற குழிகள், தசமிக்குக் கோப்பர்னிக்கஸ் குழி. தசமி முடியும் வேளையில் ஜூரா மலைத்தொடர் இருட்டுக்குள் ஒளிவளையமாக நீண்டு நிற்கும்.

நிழல் உண்மையைச் சொல்கிறது என்று இதுவரை எழுதினேன். அது ஏமாற்றவும் செய்யும். நிலவின் மேகக் கடலில் 'நேர்ச்சுவர்' என்று பெயர்பெற்ற ஒரு கோடு இருக்கிறது. நீளம் சுமார் 110 கிலோமீட்டர். அஷ்டமி முடிந்து நவமி தொடங்கும் வேளையில் அது கத்தியால் கீறியதுபோலக் கறுப்பாகத் தெரியும். தேய்பிறை அஷ்டமி விடியற்காலையில் அதே கோடு வெள்ளையாகத் தெரியும், வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிப்பதால். செங்குத்தான பெருஞ்சுவர் என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். அளந்து பார்த்தால் உயரம் 300 மீட்டருக்குள். அந்த இறக்கம் இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலத்தில் பரவிக் கிடக்கிறது. ஒருவர் சாதாரணமாக நடந்து ஏறிவிடலாம். பைக்கோ என்ற தனிமலையும் இப்படித்தான். எல்லைக்கோட்டருகே அதன் நிழல் ஊசிபோல நீளும். மலை என்னவோ அகன்ற அடிவாரமும் மெல்லிய சரிவும் கொண்ட மேடு.

ஊசிநிழலைப் பார்த்து ஊசிமலை இருக்கிறது என்று நம்பியதன் விளைவு பெரியது. ஜேம்ஸ் நாஸ்மித், ஜேம்ஸ் கார்பென்டர் என்ற இரு பிரிட்டானியர் 1874இல் வெளியிட்ட நிலவு நூலுக்காகப் பிளாஸ்டர் மாதிரிகள் செய்து, சாய்ந்த வெயிலில் வைத்துப் படமெடுத்தார்கள். அழகான படங்கள், மலைகள் எல்லாம் மிகக் கூர்மை. 1950இல் வந்த 'டெஸ்டினேஷன் மூன்' திரைப்படம்வரை அந்தக் கூர்மலைகளே நிலவாக இருந்தன. அப்பல்லோ பயணிகள் இறங்கிப் பார்த்தபோது எல்லாம் உருண்டு தேய்ந்த குன்றுகள். நுண்விண்கற்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரைத்துக் கொடுத்த வடிவம் அது. நிழலின் நீளம் உயரத்தைத்தான் சொல்லும், சரிவைச் சொல்லாது. சரிவு வேண்டுமென்றால் வெவ்வேறு திதிகளில் நிழல் எப்போது தோன்றி எப்போது மறைகிறது என்று தொடர்ந்து குறித்துவர வேண்டும்.

பள்ளம் மேடாகத் தெரிவது இன்னொரு மயக்கம். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று நம் கண் பழகிவிட்டது. விண்கலம் எடுத்த படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் குழிகள் எல்லாம் கொப்புளங்களாக எழும்பிவிடும். நாளிதழ்களில் நிலவுப் படம் வரும்போது இதைச் சோதித்துப் பார்க்கலாம். சூரியன் எந்தப் பக்கம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சூரியன் பக்கத்துச் சுவர் கறுத்தும் எதிர்ச்சுவர் வெளுத்தும் இருந்தால் குழி. மாறி இருந்தால் மேடு.

உயிரைப் பணயம் வைத்து இறங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு ஏட்டுச்சுரைக்காய் இல்லை. அப்பல்லோ 11 இறங்கிய 1969 ஜூலை 20 அன்று அந்த இடத்தில் சூரியன் ஏறத்தாழ 11 டிகிரி உயரத்தில், ஆம்ஸ்ட்ராங்குக்குப் பின்னால் இருந்தது. அது தற்செயல் அல்ல. சூரியன் சுமார் 5 முதல் 14 டிகிரிக்குள் இருக்கும்படி பார்த்தே இறங்கும் வேளையை வகுத்தார்கள். அதற்குக் கீழே போனால் நிழல்கள் குழிகளை மூடிவிடும். கண் பார்க்கும் கோடும் வெயில் வரும் கோடும் ஒன்றிவிட்டால் மேடு பள்ளம் எல்லாம் வெளிறிப்போகும். புறப்படும் தேதியே இந்தக் கோணத்துக்குக் கட்டுப்பட்டது.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்குச் சந்திரயான்-3 இறங்கியதும் இறங்குமிடத்தின் காலைப்பொழுதில்தான். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநர். அன்று நம் பஞ்சாங்கத்தில் வளர்பிறை சப்தமி. வெயிலில் ஓடும் கலத்துக்கு நிலவின் ஒரு பகல், அதாவது நம் கணக்கில் பதினான்கு நாள் முழுதும் கிடைக்க வேண்டும் என்பது முதல் காரணம். 23ஆம் தேதி நிலைமை ஒத்துவராவிட்டால் 27க்குத் தள்ளிவைப்போம் என்று இஸ்ரோவின் அகமதாபாத் மையத்து இயக்குநர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதைத் தாண்டித் தள்ளிப்போட்டால் பகல் கரைந்துவிடும். 27ஆம் தேதி, பிரக்யான் ரோவர் தனக்கு மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலக் குழியைக் கண்டு, வந்த தடத்திலேயே திருப்பப்பட்டது. இஸ்ரோ வெளியிட்ட அந்தப் படத்தில் சின்னஞ்சிறு குழிகளும் கற்களும்கூட எண்ணிவிடும் அளவுக்குத் தெளிவாகத் தெரியக் காரணம் தாழ்ந்த வெயில். 69 டிகிரி தெற்கில் சூரியன் என்றைக்கும் தலைக்கு மேல் வராது. ஒரு கல்லின் நிழல் நண்பகலிலும் அதன் உயரத்தைப்போல இரண்டரை மடங்கு நீளும்.

துருவத்தை நெருங்க நெருங்க நிழலின் கதை வேறாகிறது. நிலவின் அச்சு ஒன்றரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. பூமிக்கு இருபத்து மூன்றரை. எனவே துருவத்தில் சூரியன் தொடுவானத்தைத் தடவிக்கொண்டே சுற்றும். தென்துருவத்தில் ஷாக்கிள்டன் என்ற குழி. அகலம் 21 கிலோமீட்டர், ஆழம் நான்குக்கும் மேல். அதன் தரையில் வெயில் பட்டு எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆகின்றன. இப்படிப்பட்ட நிரந்தர நிழற்பகுதிகளில் குளிர் கடுமை; வந்து சேரும் நீர் உறைந்து அப்படியே கிடக்க முடியும்.

இருட்டில் இருப்பதை எப்படிப் பார்ப்பது? இந்த இடத்தில் இந்தியாவின் பங்கு பெரியது, போதிய அளவு பேசப்படாதது. 2008இல் புறப்பட்ட சந்திரயான்-1, நாசாவின் நிலவுத் தாது வரைவுக் கருவியைச் சுமந்து சென்றது. நிலவு மண்ணில் நீரின் தடம் இருப்பதாக 2009 செப்டம்பரில் உலகுக்குத் தெரிந்தது அந்தக் கருவி தந்த தரவுகளால். கலம் 2009 ஆகஸ்டிலேயே தொடர்பிழந்துவிட்டது. ஆனால் தரவுகள் இருந்தன. ஒன்பது ஆண்டு கழித்து, 2018இல், ஷுவாய் லி என்ற ஆய்வாளரும் குழுவினரும் அதே தரவுகளை மறுபடி எடுத்து, நேரடி வெயில் படாத பகுதிகளை மட்டும் ஆராய்ந்தார்கள். பக்கத்துச் சுவர்களில் பட்டுத் தெறித்த மெல்லொளி அங்கே விழுந்து, மீண்டும் தெறித்துக் கருவியை எட்டியிருந்தது. அந்தக் கொஞ்ச ஒளியில் உறைபனிக்கே உரிய அடையாளங்கள் இருந்தன. நிலவின் மேற்பரப்பில் பனிக்கட்டி வெளிப்பட்டுக் கிடக்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்றாக ஏற்கப்பட்டது. 2022இல் தென்கொரியா அனுப்பிய தனூரி கலத்திலுள்ள ஷேடோகேம் என்ற கேமரா இதே தெறிப்பொளியை நம்பியே கட்டப்பட்டது. லூனார் ரிகானசன்ஸ் ஆர்பிட்டரின் கேமராவைவிட 200 மடங்கு உணர்திறன் கொண்டது. ஷாக்கிள்டனின் தரை இப்போது படமாக நம் முன் இருக்கிறது.

இத்தனையும் விண்கலங்களின் வேலை. நம் ஊரில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன். நாசா 2010 முதல் ஆண்டுதோறும் நடத்தும் உலக நிலவு நோக்கு இரவு, பௌர்ணமியில் வைக்கப்படுவதில்லை. பெரும்பாலும் அரைநிலவை ஒட்டியே வைக்கப்படுகிறது. சிவகங்கை மாவட்டத்துப் பள்ளிகளும் கல்லூரிகளும் அறிவியல் மன்றங்களும் மாணவர்களுக்கு நிலவைக் காட்ட ஏற்பாடு செய்யும்போது பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள். வளர்பிறைப் பஞ்சமி முதல் தசமிக்குள் ஒரு மாலையைக் குறியுங்கள். 70 மில்லிமீட்டர் தொலைநோக்கி ஒன்று போதும். இல்லையென்றால் நல்ல பைனாகுலரைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பிள்ளையும் எல்லைக்கோட்டை ஒட்டியுள்ள ஒரு குழியை வரையட்டும். ஒரு மணி நேரம் கழித்து அதையே மறுபடி வரையட்டும். இரண்டு படத்துக்கும் நடுவே நிழல் எவ்வளவு குறைந்தது என்று அவர்களே அளந்து, அந்தக் குழியின் ஆழத்தை அவர்களே கணக்கிடட்டும்.